கற்கும் கையும் கற்பிக்கும் உடலும்: மேற்பார்வையில் நிகழும் எண்ணெய்ச் சிகிச்சையின் வரலாறு

ஆயுர்வேத, சித்த, இயன்முறை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த பயிற்சி மருத்துவமனைகளில் அன்றாடம் நிகழும் சிகிச்சை ஒன்று உண்டு. முழங்கால் வலியோடோ தோள்பட்டை இறுக்கத்தோடோ வருபவர் புறநோயாளிச் சீட்டு பெற்று, மருத்துவரைக் கண்டு, உடல் நீவும் பிரிவுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே பலகையில் படுக்கிறார். மாணவர் ஒருவர் எண்ணெயைச் சூடாக்கிக் கையில் ஏந்தி நீவத் தொடங்குகிறார். ஆசிரியரோ மூத்த மருத்துவரோ அருகில் நின்று, நீண்ட எலும்புகளின்மேல் நீளவாக்கிலும் மூட்டுகளின்மேல் வட்டமாகவும் கை செல்கிறதா என்று பார்க்கிறார். கட்டணம் சிறிது, பல அரசு நிறுவனங்களில் அதுவும் இல்லை.

இச்சிகிச்சையில் மூவர் பங்கேற்கின்றனர்: தொடுபவர், தொடப்படுபவர், பார்ப்பவர். மூன்றாமவரின் இருப்பே அந்த அறையைப் பயிற்சிக்கூடமாக்குகிறது. பழகாத கைக்குத் தம் உடலை ஒப்புக்கொடுக்க இரண்டாமவர் முன்வருவதும், பார்க்கும் கண் தம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையால்தான். ஆயினும் அந்தக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. கையின் திசையும் வேகமும் வரிசையும் அதற்குத் தெரியும்; அழுத்தத்தின் அளவு தெரியாது. ஓரங்குல ஆழத்தில் தசை இளகுகிறதா, வலியில் சுருங்குகிறதா என்பதைத் தொடுபவரின் விரல் ஓரளவு அறியும். படுத்திருப்பவர் முழுமையாக அறிவார். எனவே உடல் நீவும் கலையைப் பொறுத்தவரை, சிகிச்சை பெறுபவரே இரண்டாவது ஆசிரியர். அவர் வாய் திறந்து சொன்னாலன்றி மாணவரின் கல்வி முழுமை பெறாது.

இந்திய மரபிலும் அதனோடு தொடர்புடைய பிற மரபுகளிலும் இந்த இரண்டாவது ஆசிரியருக்கு என்ன இடம் தரப்பட்டது? மேற்பார்வை என்ற ஏற்பாடு யாருடைய அச்சத்திலிருந்து பிறந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், இன்றைய பயிற்சி மருத்துவமனையின் பல வழக்கங்களுக்கு வேர் தெரிகிறது.

சுரைக்காயில் கற்க முடியாதது

மாணவர் எதன்மீது கற்க வேண்டும் என்ற கேள்வியை மிகத் தெளிவாக எதிர்கொண்ட பழைய நூல் சுசுருத சம்ஹிதை. அதன் சூத்திரஸ்தானத்தின் 9ஆம் அத்தியாயம் முழுவதும் செய்முறைப் பயிற்சிக்கே உரியது. எல்லாச் சாத்திரங்களையும் கற்றுத் தேர்ந்தவனாயினும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் நிலைப்பாடு. வெட்டுதலைச் சுரை, பூசணி, வெள்ளரி போன்ற காய்களிலும், சுரண்டுதலை மயிருள்ள தோலிலும், நாளம் துளைத்தலை இறந்த விலங்குகளின் நாளங்களிலும் தாமரைத் தண்டிலும், தையலைத் தடித்த துணியின் ஓரங்களிலும் மெல்லிய தோலிலும் பழக வேண்டும் என்று அது வகுக்கிறது. கட்டுப் போடுவதற்கு மனித உருவில் செய்த பொம்மை. சூடுபோடுவதற்கு மென்மையான இறைச்சித் துண்டு. உயிருள்ள நோயாளியின் உடலைத் தொடக்கநிலைக் கையிடமிருந்து காக்கும் அக்கறை இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் உண்டு.

அதே நூல் சிகிச்சாஸ்தானத்தின் 24ஆம் அத்தியாயத்தில் எண்ணெய் தேய்த்தல், பொடி கொண்டு தேய்த்தல், உடல் பிடித்துவிடுதல் ஆகியவற்றின் பயன்களை விரித்துரைக்கிறது. ஆனால் செய்முறைப் பயிற்சிப் பட்டியலில் இவற்றுள் எதுவும் இடம்பெறவில்லை. இவ்விடுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பொருளின் இயல்பு: வலியை உணராத காயின்மீது அழுத்தத்தைக் கற்க இயலாது. மற்றொன்று, சமூகத்தின் இயல்பு: உடல் பிடித்துவிடும் வேலை அறுவை மருத்துவன் பயில வேண்டிய திறனாகக் கருதப்படாமல், பணியாளரின் தொழிலாகக் கருதப்பட்டிருக்கலாம். இரண்டாவது காரணத்துக்குப் பிற நூல்களில் வலுவான சான்று உண்டு.

அரண்மனையின் ஐயம்

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அரசனின் மெய்க்காப்பைப் பேசும் முதலாம் அதிகரணத்தின் 21ஆம் அத்தியாயத்தில் நீராட்டுவோர், உடல் பிடிப்போர், படுக்கை விரிப்போர், ஆடை வெளுப்போர், மாலை தொடுப்போர் ஆகியோரை ஒரே வரிசையில் வைக்கிறது. இவ்வேலைகளை நேர்மை சோதித்தறியப்பட்ட பணிப்பெண்கள் செய்ய வேண்டும். அல்லது அப்பெண்களின் மேற்பார்வையில் அந்தந்தக் கைவினைஞர் செய்யலாம் என்பது விதி. நீராட்டுப் பொருள்களையும் பூச்சுகளையும் பொடிகளையும் அரசனுக்கு இடுமுன் பணியாளர் தம் மார்பிலும் கைகளிலும் முதலில் பூசிக்கொள்ள வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது.

மேற்பார்வையில் நிகழும் உடற்பிடிப்புக்கு இந்திய நூல்களில் கிடைக்கும் மிகப் பழைய விதிகளுள் இதுவும் ஒன்று. இங்கே மேற்பார்வைக்குக் காரணம் நஞ்சு பற்றிய அச்சம். தொடப்படுபவர் அதிகாரம் மிக்கவர், தொடுபவர் ஐயத்துக்குரியவர். எண்ணெயின் சூட்டைத் தன் புறங்கையில் பார்த்த பின்பே பிறர் உடலில் இடுகிற இன்றைய மாணவரின் வழக்கத்துக்குக் காரணம் வேறு. ஆயினும் செயலின் அமைப்பு அதேதான்: பிறர் உடலுக்குச் செல்வது முதலில் தன் உடலைக் கடந்து செல்ல வேண்டும்.

சூத்திரகரின் மிருச்சகடிகம் அதே தொழிலை மற்றொரு கோணத்தில் காட்டுகிறது. அந்நாடகத்தில் சம்வாகன், அதாவது உடல் பிடிப்பவன் என்னும் பாத்திரம் பாடலிபுத்திரத்தின் குடும்பத்தான் ஒருவரின் மகன். உடல் பிடிப்பதை அவன் ஒரு கலையாகவே கற்றான். உஜ்ஜயினிக்கு வந்தபின் அதுவே அவனது பிழைப்பாகிவிட்டது. சூதில் தோற்றுக் கடன்பட்டு, வசந்தசேனையால் மீட்கப்பட்டு, இறுதியில் பௌத்தத் துறவியாகிறான். வாத்ஸ்யாயனரின் 64 கலைகளின் பட்டியலிலும் உடல் பிடித்தல் இடம்பெறுகிறது. நகரத்தார் விரும்பிப் பயிலும் கலையாக இருக்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. கூலிக்குச் செய்யும்போது அது தாழ்வு. கற்றவனின் தகுதி அவன் கையின் திறனால் தீர்மானிக்கப்படவில்லை. யாருக்காக, எதற்காகத் தொடுகிறான் என்பதால் தீர்மானிக்கப்பட்டது. இந்த இரட்டை மதிப்பீடு பிற்காலக் கல்லூரிகளுக்குள்ளும் நுழைந்தது.

படுத்தவரே பின்னர் எழுந்து கற்றார்

அரண்மனைக்கும் நூலுக்கும் வெளியே மற்றொரு கல்விமுறை வளர்ந்தது. கேரளத்தின் களரிகளில் மழைக்காலம் உழிச்சிலுக்கு உரிய காலம். எண்ணெய் பூசிய உடலோடு மாணவர் தரையில் படுக்க, மேலே கட்டிய கயிற்றைப் பற்றியபடி குருக்கள் தம் பாதத்தால் அவர் உடலை நீவுவார். இது பல நாள் தொடரும். நோக்கம், உடலை வளைந்து கொடுக்கும்படி ஆக்குவது. 1930இல் வள்ளத்தோள் முன்னின்று நிறுவிய கேரள கலாமண்டலத்தின் கதகளிப் பயிற்சியிலும் இம்முறை இடம்பெற்றது. களரி மரபில் குருக்கள் போர்க்கலை ஆசானாகவும், அடிபட்ட உடலைச் சீர்செய்யும் வைத்தியராகவும் இருப்பார். மாணவர் முதலில் உழிச்சிலைப் பெறுவார். ஆண்டுகள் கழிந்தபின் ஆசானின் கண்முன் உடன்பயில்வோரை நீவக் கற்பார். அதன் பின்னரே வெளியிலிருந்து வரும் நோயாளியைத் தொடுவார்.

கன்னியாகுமரிப் பகுதியின் வர்ம ஆசான்களின் மரபும் இதற்கு நெருக்கமானது. அங்கே ஆசான் மாணவனின் ஒழுக்கத்தை நெடுங்காலம் கவனித்த பிறகே நுண்மையான இடங்களைச் சொல்லித் தருவார். சித்த மருத்துவம் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 செயல்களை வகைப்படுத்துகிறது. இச்சொற்களை ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். இறுக்கலுக்கும் அழுத்தலுக்கும் இடையிலான வேறுபாடு, அவற்றைத் தன் உடலில் பெற்றவருக்கே ஐயமின்றி விளங்கும்.

இக்கல்விமுறையின் சிறப்பு வெளிப்படையானது. கற்கும் கைக்குச் சொந்தக்காரர் முதலில் தொடப்படும் உடலுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கிறார். பிறரது வலியை அவர் நினைவிலிருந்து அறிவார். எனினும் இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது பிழை. குருக்களின் பாதத்தின்கீழ் கிடக்கும் சிறுவன் வலிக்கிறது என்று சொல்லும் உரிமை பெற்றவன் அல்லன். தாங்குவதே அவனுக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கம். ஆசான் மாணவனின் மூச்சையும் தசையின் நடுக்கத்தையும் படித்தறிவார் என்பது நம்பிக்கை. அது உண்மையாக இருந்த இடத்தில் கல்வி சிறந்தது. இல்லாத இடத்தில் உடல் வதைபட்டது. இரண்டாவது ஆசிரியர் அங்கே இருந்தார், ஆனால் மௌனமாக இருந்தார்.

பட்டம் இல்லாத கைகள்

களரிக்கு வெளியே, நாட்டின் பெரும்பகுதியில் உடல் நீவும் அறிவைக் காத்தவர்கள் நாவிதர் குடியினர். வட இந்தியாவில் தலையில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் சம்பியும், பிரசவித்த தாய்க்கும் சிசுவுக்கும் எண்ணெய் தேய்க்கும் நாயின் என்னும் நாவிதப் பெண்ணின் பணியும் ஊர் வாழ்வின் பகுதிகள். தமிழ்நாட்டில் இக்குடியினருக்கு மருத்துவர் என்ற பெயரே வழங்குகிறது. பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தனர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகள் அவர்களின் மருத்துவப் பணியைப் பதிவு செய்கின்றன. பெயரில் மருத்துவம் இருந்தது. தகுதியில் மருத்துவராக ஏற்கப்படவில்லை.

சம்பி என்ற சொல்லின் வினை வடிவத்திலிருந்தே ஆங்கிலத்தின் ஷாம்பு பிறந்தது. அச்சொல்லை இங்கிலாந்தில் புகழ்பெறச் செய்தவர் சேக் தீன் முகமது. 1759இல் பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையோடு வளர்ந்து, 1784இல் அயர்லாந்து சென்ற அவர், பின்னர் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடற்பிடிப்பும் அளிக்கும் நிலையம் நடத்தினார். 4ஆம் ஜார்ஜ், 4ஆம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கு அப்பணியில் நியமிக்கப்பட்டார். 1822இல் தம் சிகிச்சைமுறை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அந்நூலில் தாம் முறையாக மருத்துவம் பயின்றவர் என்று அவர் கூறிக்கொண்டார். அதற்கேற்பப் பிறந்த ஆண்டையும் 1749 என்று பத்தாண்டு முன்தள்ளினார் என்பதை வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிஷர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அவரது கைத்திறனை மன்னர்களே ஏற்றிருந்தனர். ஆயினும் யாரிடம், எங்கே கற்றீர் என்ற கேள்விக்கு நிறுவனத்தின் பெயரால் விடை சொல்ல வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. பயிற்சிச் சான்று இல்லாத தொடுகையை நவீன காலம் நம்ப மறுக்கத் தொடங்கியதன் முற்குறி இது.

அவரது நூலில் மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. சிகிச்சை பெற்றோரின் வாக்குமூலங்களை அவர் அதில் அடுக்கிவைத்தார். நோக்கம் விளம்பரம்தான். எனினும் தொடப்பட்டவரின் சொல்லே தொட்டவரின் தகுதிக்குச் சான்றாக அங்கே அச்சேறியது.

1894: ஒழுக்கம் பற்றிய அச்சம்

இன்றைய மேற்பார்வை விதிகளின் மற்றொரு வேர் இலண்டனில் இருக்கிறது. 1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், உடற்பிடிப்பு நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடக்கும் இடங்கள் பற்றி எழுதியது. அதனால் முறையாகப் பணிபுரிந்த செவிலியரின் பெயரும் கெடும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே ரோசலிண்ட் பேஜட், லூசி ராபின்சன், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் ஆகிய 4 பெண்கள் பயிற்சி பெற்ற உடற்பிடிப்புச் செவிலியர் சங்கத்தை நிறுவினர். மருத்துவரின் வழிகாட்டுதல் இன்றிச் சிகிச்சை இல்லை. மருத்துவர் தனியே கேட்டுக்கொண்டாலன்றி ஆண்களுக்குப் பொது உடற்பிடிப்பு இல்லை. மருத்துவ இதழ்களன்றி வேறெங்கும் விளம்பரம் இல்லை என்பன அதன் விதிகள். 1920இல் அரச சாசனம் பெற்ற இச்சங்கமே 1944இல் இயன்முறை மருத்துவர்களின் சங்கமாகப் பெயர் மாறியது.

இவ்விதிகளில் மேற்பார்வைக்குக் காரணம் நஞ்சு அன்று. ஒழுக்கம் பற்றிய சமூகத்தின் ஐயம். அர்த்தசாஸ்திரத்தைப் போலவே இங்கும் ஐயம் தொடுபவர்மீதே விழுந்தது. அதைக் களையும் விலையாக அவர்கள் மருத்துவரின் கட்டளைக்குள் தம்மை அடைத்துக்கொண்டனர். தொழிலுக்கு மரியாதை கிடைத்தது, தன்னுரிமை குறைந்தது. சிகிச்சை பெறுபவரின் குரலுக்கோ இவ்விதிகளில் இடமே இல்லை. நோயாளி என்ன வேண்டுகிறார் என்பதன் இடத்தை மருத்துவர் என்ன எழுதித் தந்தார் என்பது எடுத்துக்கொண்டது.

இவ்வமைப்பு இந்தியாவுக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பின். இளம்பிள்ளைவாதம் பம்பாயைத் தாக்கிய பின்னணியில், 1950களின் தொடக்கத்தில், அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயன்முறை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவானது. அங்கிருந்து பரவிய கல்விமுறையில் மாணவர் முதலில் தம் வகுப்புத் தோழர்மீது பழகி, பின்னர் ஆசிரியரின் கண்முன் நோயாளியைத் தொடுகிறார். களரியின் வரிசை இங்கே வேறு வழியாக மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

கல்லூரிக்குள் பிரிந்த கையும் பட்டமும்

மேலைமருத்துவம் நேரடியாகத் தந்த வழி இயன்முறை மருத்துவம். உள்நாட்டு மருத்துவம் கல்லூரி வடிவம் பெற்ற வழி வேறு. அங்கே உடலைத் தொடுவது பற்றிய சாதிக் கணக்கும் உடன் வந்தது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துப் பயிற்சி அளித்தது இந்திய மருத்துவ வரலாற்றின் திருப்புமுனையாக இன்றும் கொண்டாடப்படுகிறது. சாதித்தடையை மீறிப் பிணத்தைத் தொட்டதே அதன் பெருமை. உயிருள்ள உடலை நீவும் பணியைப் படித்தோர் தம் கையில் எடுத்ததற்கு அத்தகைய கொண்டாட்டம் எதுவும் இல்லை.

1902இல் பி.எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையை நிறுவினார். 1917இல் ஆயுர்வேதப் பாடசாலையும், 1924இல் இலவச மருத்துவமனையும் தோன்றின. சென்னை மாகாணத்தில் 1921இல் அமைக்கப்பட்ட உஸ்மான் குழு 1923இல் அறிக்கை அளித்தது; அதைத் தொடர்ந்து கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தியின் தலைமையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. குருவின் வீட்டில் நடந்த கல்வி வகுப்பறைக்கும் நோயாளர் கூடத்துக்கும் மாறியது. மாணவருக்கு நோயாளி வேண்டும். ஏழை நோயாளிக்கு இலவசச் சிகிச்சை வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் இணைத்தது இலவச மருத்துவமனை.

பின்னர் 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 2020ஆம் ஆண்டின் சட்டமும் இக்கல்வியை நாடு முழுவதும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தன. ஆயுர்வேதப் பட்டப்படிப்பு நாலரை ஆண்டுப் பாடமும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. இணைந்த மருத்துவமனையில் பஞ்சகர்மப் பிரிவு இருக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் வேண்டும். பஞ்சகர்ம முறையில் எண்ணெய் தேய்த்தலும் வியர்வை உண்டாக்கலும் பூர்வகர்மம், அதாவது முன்னேற்பாடு. வாந்தி, பேதி, வஸ்தி முதலியனவே தலைமைச் செயல்கள். இந்த வகைப்பாடு மருத்துவ நோக்கில் பொருத்தமானதாக இருக்கலாம். ஆனால் முன்னேற்பாடு என்ற சொல், நீவுவதை உதவியாளரிடம் விட்டுவிடவும் வசதி செய்து தந்தது.

இதன் விளைவாகப் பயிற்சி மருத்துவமனையின் நீவும் அறையில் ஒரு தலைகீழ் நிலை உருவாகிறது. மேற்பார்வை செய்யும் அதிகாரம் பட்டம் பெற்றவரிடம் இருக்கிறது. கையின் அறிவு பல வேளைகளில், பல ஆண்டுகள் நீவிப் பழகிய உதவியாளரிடம் இருக்கிறது. மாணவர் கையெழுத்து வாங்குவது முதலாமவரிடம், கற்பது இரண்டாமவரிடம். தோணியின் இருபுறமும் நின்று பலர் ஒரே தாளத்தில் நீவும் பிழிச்சில் போன்ற சிகிச்சையில் இது தெளிவாகப் புலப்படும். தாளம் தவறினால் திருத்துவது பெரும்பாலும் எதிரே நிற்கும் அனுபவக் கைதான். அக்கைக்குப் பாடத்திட்டத்தில் ஆசிரியர் என்ற பெயர் இல்லை. நாவிதர் குடிக்குக் கிடைக்காத மருத்துவர் தகுதியின் கதை, வேறு உடையில் இங்கே தொடர்கிறது.

இலவசத்தின் விலை

இனி, படுத்திருப்பவருக்குத் திரும்பலாம். குறைந்த கட்டணத்துக்கு ஈடாக அவர் ஒன்றைத் தருகிறார்: தம் உடலைக் கற்கும் பொருளாக்கும் இசைவு. அந்த இசைவு அவரிடம் தனியே கேட்கப்படுகிறதா என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

1995இல் இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதே தீர்ப்பு ஒரு விலக்கையும் வகுத்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளின் பணி, அச்சட்டம் கூறும் சேவை ஆகாது. பெயரளவுப் பதிவுக் கட்டணம் வாங்குவதால் இந்நிலை மாறாது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடங்களில் மட்டும், இலவசமாகப் பெறுபவரும் நுகர்வோராவர். முற்றிலும் இலவசமான இடத்தில் தவறு நேர்ந்தால் உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட வழி திறந்திருக்கிறது. நுகர்வோர் மன்றத்தின் எளிய வழி இல்லை.

பயிற்சி மருத்துவமனையின் நோக்கில் இத்தீர்ப்பைப் படித்தால் ஒரு முரண் வெளிப்படும். சட்டத்தின் கணக்கில் இலவச நோயாளி எதையும் தரவில்லை. கல்வியின் கணக்கில் அவர் தந்ததுதான் மாணவரின் தேர்ச்சி. அவரது முதுகிலும் தோளிலும் பழகிய கையே பின்னாளில் வெளியே கட்டணம் பெற்று இயங்கப் போகிறது. பணமாகத் தராததால் அவர் தந்தது கொடையாகக்கூட எண்ணப்படவில்லை.

2008இல் சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் அதே நீதிமன்றம், ஒரு மருத்துவச் செயலுக்குத் தந்த இசைவை மற்றொரு செயலுக்குத் தந்த இசைவாகக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்தியது. அவ்வழக்கு அறுவைச் சிகிச்சை பற்றியது. பயிற்சியைப் பற்றி அது பேசவில்லை. ஆயினும் அதன் தருக்கத்தை நீட்டிப் பார்க்க இடமுண்டு. சிகிச்சை பெற இசைந்தவர், தம்மீது ஒருவர் கற்பதற்கும் பலர் நின்று பார்ப்பதற்கும் இசைந்தவராகிவிடுவாரா? நீவும் சிகிச்சையில் இக்கேள்வி கூடுதல் கூர்மை பெறுகிறது. ஆடை களைந்த உடல், நெடுநேரத் தொடுகை, சுற்றி நிற்கும் இளையோர் ஆகிய மூன்றும் சேரும்போது, மறுக்கும் துணிவு ஏழைக்கும் பெண்ணுக்கும் முதியவருக்கும் மிகக் குறைவு. தனியறையும் ஒரே பாலினச் சிகிச்சையாளரும் விதிகளால் கிடைத்துவிட்டன. வேண்டாம் என்று சொல்லியும் சிகிச்சையை இழக்காத உரிமை, அந்த அளவுக்கு எழுத்தில் வரவில்லை.

மூன்று அச்சங்களும் ஒரு குறையும்

மேற்கண்ட வரலாற்றில் மேற்பார்வை மூன்று அச்சங்களிலிருந்து பிறந்தது. அரண்மனையில் உயிர் பற்றிய அச்சம். இலண்டனில் ஒழுக்கம் பற்றிய அச்சம். கல்லூரியில் தகுதி பற்றிய அச்சம். மூன்றிலும் கண்காணிக்கப்பட்டவர் தொடுபவர். சிகிச்சை பெறுபவர், அரசனாக இருந்தபோது காக்கப்பட்டார். ஏழையாக இருந்தபோது பயன்படுத்தப்பட்டார். கேட்கப்பட்டவராக மட்டும் இருந்ததில்லை.

இக்குறையை நீக்கப் பெரிய செலவு தேவையில்லை. பயிற்சி மருத்துவமனையின் நோயாளர் பதிவேட்டில் எண்ணெயின் பெயர், நேரம், நாள் எண்ணிக்கை, மேற்பார்வையாளரின் கையொப்பம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. சிகிச்சை பெற்றவர் அழுத்தத்தைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கும் ஒரு கட்டம் இருக்கலாம். எங்கே மிகுந்தது, எங்கே எட்டவில்லை, எப்போது நிறுத்தச் சொன்னார், நிறுத்தப்பட்டதா என்னும் நான்கு வினாக்கள் போதும். மாணவரின் தேர்ச்சி மதிப்பீட்டில் அச்சொல்லுக்கு ஒரு பங்கு தரப்படலாம். தொடங்குமுன், இவர் மாணவர், விரும்பாவிட்டால் மூத்தவர் செய்வார், அதனால் சிகிச்சைக்குக் குறைவு வராது என்று ஆசிரியர் நோயாளியின் மொழியில் சொல்லலாம். கையறிவு மிக்க உதவியாளரின் பெயர் பயிற்றுநர் வரிசையில் எழுதப்படலாம்.

சுசுருதரின் மாணவனுக்குச் சுரைக்காய் கிடைத்தது. அது எத்தனை முறை வெட்டப்பட்டாலும் குறை சொல்லாது. நீவக் கற்கும் மாணவருக்கு அத்தகைய பதிலி இல்லை. அவருக்குக் கிடைப்பது பேசத் தெரிந்த ஓர் உடல். அதைப் பேசவிடாமல் கற்பது, இருக்கும் ஆசிரியர்களுள் ஒருவரை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கற்பதற்குச் சமம்.